பகடை ஏறிய ரயில்: சிமுலேட்டர் கேம்களுக்குள் ரேண்டம் வந்த கதை

இந்த எபிசோட்ல நாம எடுத்துக்கப் போற கேள்வி ரொம்பச் சின்னது. ரயில் ஓட்டுற கேம் ஏன் மூணாவது தடவை ஓட்டும்போதே சலிச்சுப் போகுது?

முதல் தடவை ஓட்டும்போது கண்ணு சிக்னல் மேலயே இருக்கும். அடுத்த வளைவுக்கு அப்புறம் மஞ்சளா, சிவப்பான்னு ஒரு பதற்றம். ரெண்டாவது தடவை பாதி ஞாபகம் இருக்கும். மூணாவது தடவை சிக்னலைப் பார்க்கவே தேவையில்ல. "பாலம் தாண்டினதும் சிவப்பு, ரெண்டு நிமிஷம் நிக்கும், எதிர்ல சரக்கு வண்டி போகும், அப்புறம் பச்சை" என்று மனசுல ஓடும். அப்போ நீங்க ரயில் ஓட்டல, மனப்பாடத்தை ஒப்பிக்கிறீங்க. பழகப் பழகப் பாலும் புளிக்கும்னு சும்மாவா சொன்னாங்க.

"சரி, கொஞ்சம் ரேண்டம் சேர்த்தா முடிஞ்சுது, ஒரு வரி கோட் தானே" என்று எந்த டெவலப்பரும் சொல்வார். நானும் கோட் எழுதித்தான் பிழைக்கிறேன், அந்த ஆசை எனக்குப் புரியும். ஆனா அந்த ஒரு வரியை எங்க போடுறது, எவ்வளவு போடுறது என்பதுக்கு 200 வருஷச் சரித்திரம் இருக்கு. அது தொடங்குறது ரயில்ல இல்ல. போர்க்களத்துல.

பெர்லினில் உருட்டிய பகடை

1824. பிரஷ்யா. ரயிஸ்விட்ஸ் என்ற இளம் பீரங்கிப் படை லெப்டினன்ட், தன் அப்பா ஏற்கெனவே தொடங்கிவைத்த ஒரு விளையாட்டை முழுசா மாற்றி, விதிப் புத்தகமா வெளியிடுகிறார். பெயர் க்ரீக்ஸ்பீல். ஜெர்மன்ல "போர் விளையாட்டு"ன்னு அர்த்தம்.

அதுக்கு முன்னாடி இருந்த போர் விளையாட்டுகள் பலதும் சதுரங்கத்தோட அண்ணன் தம்பிகள். கட்டம் இருக்கும், காய் இருக்கும். இன்ன காய் இன்ன காயை வெட்டினா வெட்டினதுதான். ரயிஸ்விட்ஸ் கட்டங்களைத் தூக்கி எறிந்துவிட்டு, உண்மையான நிலப்பரப்பின் வரைபடத்தை மேசையில் விரித்தார். ஒரு முறை ஆடுவது ரெண்டு நிமிஷப் போருக்குச் சமம். எதிரி எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியாது. நடுவர் ஒருத்தருக்குத்தான் ரெண்டு பக்கமும் தெரியும். நீங்க சுட்டா எத்தனை பேர் விழுந்தாங்க என்பதைப் பகடை உருட்டித்தான் முடிவு பண்ணணும்.

பகடை எதுக்கு? வீரன் குறி தவறலாம், மழையில மருந்து நனைஞ்சு போகலாம், ஓலை கொண்டு போனவன் வழி தப்பலாம். இதையெல்லாம் ஒவ்வொன்னா கணக்கு போட முடியாது. எல்லாத்தையும் சேர்த்து ஒரு பகடைக்குள்ள அடைச்சார். பிரஷ்ய படைத்தலைமைக்கு இது பிடித்துப்போய், அதிகாரிகளின் பயிற்சிக்கே பரிந்துரைத்தார்கள். சில வருஷம் கழிச்சு, 1832-ல், அதே பிரஷ்யாவைச் சேர்ந்த கிளாஸ்விட்ஸோட "போரைப் பற்றி" நூல் அவர் இறந்த பிறகு வெளிவந்தது. திட்டத்துக்கும் நடப்புக்கும் நடுவுல வந்து உட்காரும் இந்தச் சின்னச் சின்னத் தடங்கல்களுக்கு அவர் வைத்த பெயர் "உராய்வு".

இந்த வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கோங்க. விபத்து வேற, உராய்வு வேற. இன்னைக்குப் பேசப்போற மொத்த விஷயமும் இந்த வித்தியாசத்துல தான் நிக்குது.

கதையில ஒரு திருப்பமும் இருக்கு. 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்ய அதிகாரி, பகடையும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம், அனுபவம் உள்ள நடுவர் சொல்வதே தீர்ப்பு என்று ஒரு புது முறையை முன்வைத்தார். ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் பகடை உருட்டி, அட்டவணை புரட்டி, ஆட்டம் நத்தை மாதிரி நகர்ந்தது தான் காரணம். ஆக, அப்பவே ரெண்டு கட்சி உருவாகிடுச்சு. "அதிர்ஷ்டம் முடிவு பண்ணட்டும்" ஒரு கட்சி. "விவரம் தெரிந்த மனுஷன் முடிவு பண்ணட்டும்" இன்னொரு கட்சி. கேம் உலகத்துல இந்தச் சண்டை இன்னும் முடியல.

வீட்டுக்குள்ள ஓடின ரயில்

இப்போ அமெரிக்காவுக்குப் போவோம். மாடல் ரயில்வே. வீட்டோட அடித்தளத்துல மேசை போட்டு, குட்டித் தண்டவாளம் அமைச்சு, மலை, ஆறு, ஸ்டேஷன் எல்லாம் கட்டுற பொழுதுபோக்கு. கட்டி முடிக்க வருஷக்கணக்கா ஆகும். கட்டி முடிச்சதும்? வண்டி வட்டமா சுத்தும். பத்து நிமிஷத்துல அதைக் கட்டினவருக்கே கொட்டாவி வந்துரும்.

இதை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் ஃபிராங்க் எல்லிசன். 1944-ல் 'மாடல் ரெயில்ரோடர்' பத்திரிகையில் அவர் எழுதிய தொடர் இந்தப் பொழுதுபோக்கையே திருப்பிப் போட்டது. மாடல் ரயில்வே ஒரு நாடக மேடை மாதிரி, வண்டிகள் நடிகர்கள், கால அட்டவணை தான் கதை. வண்டிக்கு ஒரு வேலை கொடு, அது ஒரு காரணத்தோட ஓடட்டும். இதுதான் அவர் பார்வை.

ஆனா நாடகத்துல ஒரு சிக்கல். கதை எல்லாருக்கும் தெரிஞ்சுபோனா? 1961 டிசம்பர்ல அதே பத்திரிகையில் டக் ஸ்மித் என்பவர் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு சரக்குப் பெட்டிக்கும் ஒரு அட்டை. அந்த அட்டையில ஒரு சீட்டு. "இந்தப் பெட்டி இன்ன ஊர், இன்ன ஆலைக்குப் போகணும்" என்று சீட்டுல எழுதியிருக்கும். சீட்டை மாத்தினா பெட்டியோட விதி மாறும். நாற்பது பெட்டிகளுக்கும் சீட்டு மாறும்போது, நேத்து இருந்த ரயிலும் இன்னைக்கு இருக்கிற ரயிலும் ஒன்னா இருக்காது.

கவனிங்க, இங்க யாரும் "திடீர்னு பாலம் இடிஞ்சது"ன்னு சேர்க்கல. மாத்தினது வேலையை மட்டும்தான். எந்தப் பெட்டி, எந்த ஊர். அந்தச் சின்ன மாற்றம் போய், வண்டியை எங்க நிறுத்துறது, எந்த லைனை முதல்ல காலி பண்றது, எதிர்ல வர்ற வண்டிக்கு எங்க ஒதுங்குறது என்று எல்லாத்தையும் மாத்திடுது.

பிரிட்டன்ல ஆலன் ரைட் என்பவர் இதை ஒரு புத்தக அலமாரி அளவுக்குச் சுருக்கினார். இங்கிள்நூக் சைடிங்ஸ் என்று பெயர். மூணே மூணு லைன். ஒன்னுல 5 பெட்டி நிக்கும், மத்த ரெண்டுல மூணு மூணு. மொத்தம் 8 பெட்டி. அதுல அஞ்சைக் குலுக்கல் முறையில, வரிசையோட தேர்ந்தெடுக்கணும். அந்த வரிசையில ரயிலை அடுக்கிக் காட்டணும். அவ்வளவு தான் கேம்.

கணக்கு போட்டுப் பாருங்க. 8 பெருக்கல் 7 பெருக்கல் 6 பெருக்கல் 5 பெருக்கல் 4. மொத்தம் 6,720 விதமான ரயில்கள். தினம் ஒன்னு ஆடினாக்கூட 18 வருஷம் ஓடும். ஒரு புது பெட்டி வாங்கல, ஒரு அடி தண்டவாளம் கூடுதலா போடல. குலுக்கிப் போட்ட சீட்டு மட்டும் தான்.

வெள்ளம் வந்தா பாலம் போகும்

ரயில் போர்டு கேம்கள்லயும் இதே ரெண்டு கட்சி இருக்கு. 1974-ல் பிரிட்டனைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் டிரெஷம் '1829' என்று ஒரு கேம் வெளியிட்டார். ரயில் கம்பெனிகளின் பங்குகளை வாங்கி விற்று லைன் போடும் ஆட்டம். பகடையே கிடையாது. உங்க வில்லன் அதிர்ஷ்டம் இல்ல, எதிர்ல உட்கார்ந்திருக்கிற நண்பன். இன்னைக்கு வரைக்கும் அந்தக் குடும்பத்துக் கேம்களுக்கு உயிரைக் கொடுக்கும் ரசிகர்கள் இருக்காங்க.

எண்பதுகள்ல வந்த 'எம்பயர் பில்டர்' நேர் எதிர். வரைபடத்துல பென்சில் மாதிரி க்ரேயான் வெச்சு லைன் வரையணும். எந்த ஊருக்கு என்ன சரக்கு வேணும் என்பது சீட்டு எடுக்கும்போதுதான் தெரியும். அதே சீட்டுக்கட்டுல நடுநடுவே வெள்ளம், தடம்புரளல், வேலைநிறுத்தம் எல்லாம் ஒளிஞ்சிருக்கும். வெள்ளச் சீட்டு வந்தா, அந்த ஆத்தைக் கடக்கிற உங்க லைன் எல்லாம் அழிஞ்சிடும். மறுபடி காசு போட்டு வரையணும்.

1990-ல் சிட் மையர் 'ரெயில்ரோட் டைக்கூன்' கொண்டுவந்தார். அவரோட சேர்ந்து வேலை செய்த புரூஸ் ஷெல்லி, அதுக்கு முன்னாடி டிரெஷமோட '1830' கேமை ஒரு போர்டு கேம் கம்பெனியில உருவாக்கியவர். அதாவது பகடை இல்லாத உலகத்துல இருந்து வந்தவர். அந்த கம்ப்யூட்டர் கேம்ல வெள்ளம் வரும், பாலம் அடிச்சுட்டுப் போகும். ஆனா பாலம் கட்டும்போதே உங்களைக் கேட்பாங்க. மரப்பாலமா? விலை கம்மி, வெள்ளத்துக்குத் தாங்காது. கல்பாலமா? விலை அதிகம், உறுதி.

இந்த ஒரு கேள்வி எவ்வளவு பெரிய வேலை பார்க்குதுன்னு யோசிங்க. கேள்வி இல்லாம வெள்ளம் மட்டும் வந்தா, அது தண்டனை. "கேம் என்னை ஏமாத்திடுச்சு" என்று பழைய சேவ் ஃபைலைத் திறந்துடுவோம். கேள்வி கேட்டுட்டு அப்புறம் வெள்ளம் வந்தா, அது பாடம். "மரப்பாலம் போட்டது நான் தானே." மழை பெய்யும்போதெல்லாம் மரப்பாலத்து மேல வண்டி போறதைப் பார்த்து வயிறு கலங்கும். வெள்ளம் வராத நாள்ல கூட அந்தப் பகடை வேலை செய்யுது.

அதே சிட் மையர் 2010-ல் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸ்ல பேசும்போது இன்னொன்னு சொன்னார். ஜெயிக்க வாய்ப்பு நாலுல மூணு என்று திரையில காட்டினா, ஆடுறவங்க அதை "கண்டிப்பா ஜெயிப்போம்" என்று தான் எடுத்துக்கறாங்களாம். நாலுல ஒரு தடவை தோத்தா கோபம் வருது. நம்ம மூளைக்கு நிகழ்தகவு ஒத்து வராது மக்களே. உண்மையான ரேண்டம் நமக்கு அநியாயமாத்தான் தெரியும்.

வீடியோவுக்கு ஒரே ஒரு நாள்தான்

இப்போ ஓட்டுநர் சீட்டுக்கு வருவோம். 1985-ல் பிரிட்டன்ல 'சதர்ன் பெல்' என்று ஒரு கேம். இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர், 48 கேபி மெமரி. நம்ம வாட்ஸ்அப்ல வர்ற ஒரு குட்மார்னிங் படம் அதை விடப் பெருசு. அதுக்குள்ள லண்டன் விக்டோரியாவுல இருந்து பிரைட்டன் வரைக்கும் நீராவி எஞ்சின் ஓட்டலாம். வெறும் கோடுகளால ஆன காட்சி. நெருப்பு, தண்ணி, நீராவி அழுத்தம் எல்லாத்தையும் நீங்கதான் பார்த்துக்கணும்.

பத்து வருஷம் கழிச்சு, 1995-ல், ஜப்பான்ல ஓங்ககுகான் கம்பெனி 'ட்ரெயின் சிமுலேட்டர்' வரிசையைத் தொடங்குது. பின்னால இருந்தவர் முகாயா மினோரு. காசியோபியா இசைக்குழுவோட கீபோர்டு கலைஞர். உண்மையான ரயில்ல முன்னாடி கேமரா வெச்சுப் படம் பிடிச்சு, நீங்க வேகத்தைக் கூட்டினா வீடியோ வேகமா ஓடும், பிரேக் போட்டா மெதுவாகும். காட்சி அச்சு அசல். ஆனா வீடியோவுக்குள்ள ஒரே ஒரு நாள்தான் இருக்கு. அன்னைக்கு வெயில்னா என்னைக்கும் வெயில். அன்னைக்கு அந்த சிக்னல் பச்சைனா எப்பவும் பச்சை.

1996-ல் டைட்டோ கம்பெனியோட 'டென்ஷா டே கோ' ஆர்கேட்ல வந்து ஜப்பானையே ஒரு கலக்கு கலக்குச்சு. நொடி தவறாம வரணும், பிளாட்ஃபார்ம்ல குறிச்ச இடத்துல துல்லியமா நிறுத்தணும். இதுல வழியும் நேரமும் முன்கூட்டியே தெரிஞ்சதுதான். அப்புறம் ஏன் சலிக்கல? ஏன்னா அது வேற வகையான சுகம். தினமும் காலையில அதே வர்ணத்தை வாசிக்கிற மாதிரி. ராகமும் தாளமும் தெரியும், ஆனா நேத்தை விட இன்னைக்குச் சுத்தமா வருதான்னு ஒரு வெறி. அதனால "ரேண்டம் இல்லாத கேம் எல்லாம் போர்" என்று நான் சொல்ல மாட்டேன். கைத்திறனைச் சோதிக்கும் கேமுக்கு மாறாத பாதை தான் அளவுகோல். அதுல ரேண்டம் போட்டா, நேத்தையும் இன்னைக்கையும் ஒப்பிடவே முடியாது.

சிக்கல், "நிஜ ரயில்வே வேலையை அனுபவிங்க" என்று சொல்ற கேம்களுக்குத்தான். 2001-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டர் அப்படி ஒன்னு. பிரிட்டனோட குஜு நிறுவனம் உருவாக்கினது. ஆறு பாதைகள். செட்டில்–கார்லைல், அமெரிக்காவோட மரியாஸ் பாஸ், ஜப்பானோட ஹிசாட்சு லைன் எல்லாம் உண்டு. ஒவ்வொன்னுலயும் "ஆக்டிவிட்டி" என்ற பெயர்ல எழுதிவைத்த பயணங்கள். எல்லிசன் சொன்ன அதே நாடகம். எதிர்வண்டி எத்தனை மணிக்கு வரும், எங்க மழை என்பதெல்லாம் ஏற்கெனவே எழுதியாச்சு. கூடவே ஒரு எடிட்டரும் கொடுத்தாங்க. உலகம் முழுக்க ரசிகர்கள் புதுப் பாதைகளும் புது ஆக்டிவிட்டிகளும் எழுதிக் குவிச்சாங்க. ஆனா சொந்தமா எழுதின நாடகத்துல எழுதினவருக்கே சஸ்பென்ஸ் கிடையாது. அடுத்த பதிப்பு வரும் வரும்னு காத்திருந்ததுதான் மிச்சம். ரெண்டு தடவை அறிவிச்சு, ரெண்டு தடவையும் கைவிட்டுட்டாங்க.

அதே ஃபைல்களை ஓட்டுற மாதிரி ரசிகர்களே உருவாக்கின திறந்த மூல மென்பொருள்தான் 'ஓப்பன் ரெயில்ஸ்'. 2015-ல் 1.0 வந்தது. அதுல பின்னாடி ஒரு அமைப்பு சேர்த்தாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆக்டிவிட்டியில எவ்வளவு ரேண்டம் வேணும் என்று 0-ல இருந்து 3 வரைக்கும் நீங்களே வைக்கலாம். 0 என்றால் எழுதினது எழுதினபடி. மேல போகப் போக மத்த வண்டிகள் கூடுதல் நேரம் நிக்கும், எஞ்சின்லயோ பெட்டியோட பிரேக்லயோ கோளாறு வரலாம். 3 வெச்சா சில சமயம் நம்பமுடியாத மாதிரி கூட ஆகும்னு அவங்க கையேடே எச்சரிக்குது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

எவ்வளவு உப்பு?

ஏன் 3 நம்பமுடியாம ஆகுது? ஒரு சின்னக் கணக்கு. எண்கள் என் கற்பனை, ஆனா கணக்கு சரி.

ஒரு எஞ்சின் 1,00,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை பழுதாகுதுன்னு வெச்சுக்கோங்க. கேம்ல உங்க பாதை 100 கிலோமீட்டர். அப்போ சராசரியா 1,000 பயணத்துக்கு ஒரு பழுது. தினம் ஒரு பயணம் ஓட்டினா கிட்டத்தட்ட மூணு வருஷம் காத்திருக்கணும். நிஜத்துக்கு விசுவாசமா இருந்தா அந்தப் பழுதை யாருமே பார்க்கப் போறதில்ல. டெவலப்பர் கடுப்பாகி, "அஞ்சு பயணத்துக்கு ஒரு பழுது" என்று மாத்துறார். இப்போ எஞ்சின் 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை படுத்துக்குது. நிஜத்தை விட 200 மடங்கு மோசம். அந்த எஞ்சினை எந்த ரயில்வேயும் வாங்காது. பெரிய விபத்தை வெச்சு சுவாரசியம் கூட்டப் போனா, ஒன்னு யாருக்கும் தெரியாது, இல்லன்னா பொய்யாகிடும்.

இப்போ உராய்வைப் பாருங்க. பாதையில 20 ஸ்டேஷன். ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் முன்னாடி போன வண்டி கிளம்பாம கொஞ்சம் தாமதிக்க 10 சதவீத வாய்ப்பு. ரொம்பச் சாதாரணம், எந்த நகரத்துலயும் நடக்கும். 20 ஸ்டேஷனும் தடங்கலே இல்லாம கடக்க வாய்ப்பு எவ்வளவு? 0.9-ஐ 20 தடவை பெருக்குங்க. சுமார் 12 சதவீதம். அதாவது எட்டுப் பயணத்துல ஏழுல ஏதோ ஒன்னு புதுசா நடக்கும். எதுவுமே நம்பமுடியாதது இல்ல.

இதுல இன்னொரு அழகு இருக்கு. முன்வண்டி மூணு நிமிஷம் லேட்டானா, உங்க சிக்னல் மஞ்சளாகும். நீங்க வேகம் குறைப்பீங்க. உங்களுக்குப் பின்னாடி வர்றவனுக்கும் மஞ்சள். ஒத்தை லைன்ல எதிர்வண்டியைச் சந்திக்க வேண்டிய ஸ்டேஷனே மாறிப்போகும். உருட்டினது ஒரே ஒரு பகடை. மீதி எல்லாம் ரயில்வே விதிகள் தானாகவே போட்ட கணக்கு. காரணத்தை மட்டும் ரேண்டமா வை, விளைவை விதிகள்கிட்ட விட்டுடு. விளைவை நேரடியா ரேண்டமா வெச்சா, அதாவது காரணமே இல்லாம சிக்னல் சிவப்பானா, ரெண்டாவது தடவையே நமக்கு மோப்பம் பிடிச்சிரும்.

என் துறைக்காரங்களுக்கு இது பழக்கமான விஷயம். 2010 வாக்குல நெட்ஃபிளிக்ஸ் இன்ஜினியர்கள் 'கேயாஸ் மங்கி' என்று ஒரு புரோகிராம் எழுதினாங்க. நிஜமா ஓடிக்கிட்டிருக்கிற சர்வர்கள்ல ஏதோ ஒன்னை ரேண்டமா அணைச்சிரும். அதுவும் ஆட்கள் ஆபீஸ்ல இருக்கிற நேரத்துல, உடனே கவனிக்கிற மாதிரி. சர்வர் சாகிறது மட்டும்தான் ரேண்டம். அதுக்கப்புறம் மத்த சர்வர்கள் எப்படிச் சமாளிக்குது என்பதுதான் பரீட்சை. ராத்திரி மூணு மணிக்கு ஆன்-கால் போன் அடிச்சு எழுந்தவங்களுக்கு அதோட அருமை தெரியும். எழுதிவெச்ச ஒத்திகையில எல்லாரும் பாஸ் ஆவோம். தெரியாத நேரத்துல வர்ற சின்ன அடிதான் உண்மையைச் சொல்லும்.

சிக்னல் எதுக்கு இருக்கு?

இதெல்லாம் வெறும் கேம் சமாச்சாரம் தானே என்று கேட்கலாம். ஒரு நிஜச் சம்பவத்தைச் சொல்றேன்.

1999 அக்டோபர் 5. லண்டன் பேடிங்டன் பக்கத்துல லாட்புரோக் குரோவ். காலை நேரம். வெளியே கிளம்பின ஒரு உள்ளூர் ரயில், எஸ்என்109 என்ற சிக்னலைச் சிவப்புல தாண்டிப் போய், எதிர்ல வந்த அதிவேக ரயில்ல மோதியது. 31 பேர் இறந்தாங்க, ரெண்டு ஓட்டுநர்களும் அதுல அடக்கம். 400 பேருக்கு மேல காயம்.

உள்ளூர் ரயிலோட ஓட்டுநர், தேர்ச்சி பெற்று ரெண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த சிக்னல் மேல்நிலை மின்கம்பி அமைப்புகளுக்கு நடுவுல சரியாத் தெரியாத ஒன்னு. அதுக்கு முந்தைய ஆறு வருஷத்துல எட்டு தடவை அதை ஓட்டுநர்கள் சிவப்புல தாண்டியிருந்தாங்க. கல்லன் பிரபு தலைமையிலான விசாரணை சிக்னல் அமைப்பை மட்டும் குறை சொல்லல, ஓட்டுநருக்குக் கொடுத்த பயிற்சியோட குறைகளையும் எடுத்துச் சொன்னது. அந்த எட்டு தடவை நடந்த கதையை அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கல.

இது சிமுலேட்டரால நடந்த விபத்து இல்ல. அப்படி நான் சொல்ல வரல. ஆனா இது ஒரு அடிப்படையைக் காட்டுது. சிக்னல் எதுக்கு இருக்கு? முன்னாடி என்ன இருக்குன்னு ஓட்டுநருக்குத் தெரியாது என்பதால். என்னைக்கும் பச்சையாவே பார்த்துப் பழகின கண்ணுக்கு, சிவப்பு ஒரு நாள் வரும்போது அது சிவப்பாத் தெரியணும். அந்தக் கண்ணைத் தயார் பண்றதுதான் பயிற்சி. ஒரே பயணத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டவிட்டா, சிவப்பு எங்க வரும் என்ற இடத்தைத்தான் மனசு கத்துக்கும், சிக்னலைப் பார்க்கிறதை இல்ல. அதனாலதான் தொழில்முறைப் பயிற்சி சிமுலேட்டர்கள்ல பயிற்சியாளருக்குத் தனித் திரை இருக்கும். அவர் பார்த்து, உங்களுக்குச் சொல்லாம, ஒரு மூடுபனியையோ பிரேக் கோளாறையோ உள்ள அனுப்புவார். வெர்டி டு வெர்னுவா கேட்ட அதே அனுபவசாலி நடுவர்.

வீட்டுல ஆடுற நமக்கு அந்த நடுவர் கிடையாது. அதனால நமக்கு மிஞ்சினது ரயிஸ்விட்ஸோட பகடை.

அதனால, யாராவது ரயில் கேம் எழுதிக்கிட்டிருந்தா என் கருத்து இதுதான். விபத்தைக் குறைச்சு உராய்வைக் கூட்டுங்க. முன்வண்டி, பயணிக் கூட்டம், ஈரத் தண்டவாளம், இன்னைக்கு எந்தப் பெட்டி எந்த ஊருக்கு என்ற சீட்டு. இது போதும். என்ன வந்தாலும் ஆடுறவர் ஏதாவது ஒன்னு செய்ய இடம் இருக்கட்டும், மரப்பாலம்–கல்பாலம் மாதிரி. ரேண்டம் எண்களைக் கிளப்பின அந்த விதை எண்ணைச் சேமிச்சு வெச்சிடுங்க. அதே எண்ணைக் கொடுத்தா அதே நாள் திரும்ப வரும். பக் தேடவும் உதவும், நண்பனுக்கு அனுப்பி "இதை ஓட்டிக் காட்டு பார்ப்போம்" என்று சவால் விடவும் உதவும். கூடவே ஓப்பன் ரெயில்ஸ் மாதிரி ஒரு 0-வும் வையுங்க. வர்ணம் வாசிக்கிறவங்களுக்கும் இடம் வேணும் இல்லையா.

ஆடுறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை கேம்ல சிவப்பு சிக்னல்ல அஞ்சு நிமிஷம் நிக்க நேர்ந்தா, உடனே ரீஸ்டார்ட் அடிக்காதீங்க. கொஞ்சம் நில்லுங்க. முன்னாடி எந்த வண்டி நிக்குது, ஏன் நிக்குது, பச்சை விழுந்ததும் இழந்த நேரத்துல எவ்வளவைப் பிடிக்கலாம்னு யோசிங்க. அந்த அஞ்சு நிமிஷம் தான் நிஜ ரயில் ஓட்டுநரோட வேலைக்கு நீங்க ரொம்பப் பக்கத்துல இருக்கிற நேரம்.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, ஜன்னல் சீட்டுக்கு இன்னும் சண்டை போடுற ஒரு நண்பருக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.